14416 மனநல உதவி எண்: எதற்கு உதவும், எங்கே நின்றுவிடும்

டெலி மானஸ் என்ற பெயரில் மத்திய அரசு நடத்தும் தொலைபேசி மனநலச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில், தொடங்கியது. தமிழ்நாட்டில் அதே மாதம் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் வந்தது. எண்: 14416. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் தலைமை மையமாக இருக்கிறது. 23 நிறுவனங்கள் வழிகாட்டுகின்றன. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து ஐம்பதுக்கும் மேற்பட்ட மையங்கள் உண்டு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மனம் தாங்காமல் யாரிடமாவது பேச வேண்டும் என்றாலோ, வீட்டில் ஒருவரின் நடத்தை மாறியிருக்கிறது, யாரிடம் காட்டுவதென்று தெரியவில்லை என்றாலோ, மாத்திரை பற்றிச் சந்தேகம் என்றாலோ, தயங்காமல் அழையுங்கள். ஆனால் மாதக்கணக்கில் தொடர வேண்டிய சிகிச்சைக்கு இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. அந்த இடத்தில் சேவை உங்களை அரசு மருத்துவமனை வாசல் வரை காட்டிவிட்டு நிற்கும். உள்ளே போய்ச் சேர்வது பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கிறது.

இப்படி ஒரு சேவை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பே போதும். 2015–16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், 34,802 வயது வந்தோரிடம் வீடு வீடாகக் கேட்டார்கள். நூற்றுக்கு 10.6 பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருந்தது. அதைவிடக் கவலை தருவது சிகிச்சை கிடைக்காதவர்களின் கணக்கு. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான கோளாறுகளில் 85 விழுக்காட்டினர் சிகிச்சையில் இல்லை. மதுப் பழக்கக் கோளாறில் அது 86.3. எவர் கண்ணுக்கும் தப்பாத தீவிர மனநோய்களில்கூட நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை இல்லை. லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, 2017இல் இந்தியர்களில் ஏழில் ஒருவருக்கு மனநலக் கோளாறு இருந்தது. மனநல மருத்துவர்களோ லட்சம் மக்களுக்கு ஒருவர்கூட இல்லை. இருக்கிற மருத்துவரிடம் யாரை முதலில் அனுப்புவது என்று பிரித்துப் பார்க்கும் வேலையை ஒரு தொலைபேசி மையம் செய்யலாம் என்ற யோசனை நியாயமானது.

அழைத்தால் என்ன நடக்கும்? முதலில் பதிவுக் குரல் மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பிறகு மாநில மையத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் எடுப்பார். இவர் மருத்துவர் அல்ல. இது தெரியாமல் அழைத்து, ‘டாக்டர், என்ன மாத்திரை போடலாம்’ என்று தொடங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஆலோசகர் கேட்பார், ஆறுதல் தருவார், ஆபத்து இருக்கிறதா என்று அளப்பார். தேவைப்பட்டால் அதே மையத்தில் உள்ள மனநல மருத்துவர், உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர் ஆகியோரில் ஒருவருக்கு இணைப்பு மாறும். அதற்கும் மேல் என்றால் இரண்டாம் அடுக்கு: மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அல்லது அரசின் இணையவழி மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி வழியாகக் காணொளி ஆலோசனை.

ஆலோசகர் தற்கொலை எண்ணம் பற்றி நேராகவே கேட்பார். பதறவோ கோபப்படவோ வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்காமல் விட்டால்தான் ஆபத்து. உண்மையைச் சொன்னால் காவல்துறை வந்துவிடுமோ என்ற பயம் பலருக்கும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரை வற்புறுத்தவோ தடுக்கவோ அப்படி முயன்றால் மட்டுமே குற்றம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் அதே மனநலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தரும் உரிமை. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்களில் மட்டும் விலக்கு உண்டு.

பேசுவதற்கு முன் ஒரு தாளில் சிலவற்றை எழுதி வைத்துக்கொண்டால் அந்த அழைப்பின் பயன் பல மடங்கு கூடும். தொல்லை எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், சாப்பாடு குறைந்ததா, வேலைக்கோ பள்ளிக்கோ போவது நின்றதா, குடி உண்டா, கடைசியாகக் குடித்தது எப்போது. சர்க்கரை, தைராய்டு, வலிப்பு போன்ற உடல் நோய்கள். இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் மில்லிகிராம் அளவும், அட்டையைப் பார்த்து எழுதியது. மனச்சோர்வு என்று சந்தேகம் இருந்தால் பி.எச்.கியூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் தமிழிலேயே கிடைக்கிறது. கடந்த இரண்டு வாரத்தை நினைத்து நிரப்ப வேண்டும், மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஒன்பதாவது கேள்வி சாவு பற்றிய எண்ணங்களைக் கேட்பது. அதற்கு ‘இல்லை’ தவிர வேறு பதில் எதுவானாலும், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும், ஆலோசகரிடம் முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

அதிகக் குறை சொல்லப்படும் இடம் மருந்து. ‘அரை மணி நேரம் பேசினேன், ஒரு மாத்திரை எழுதித் தரவில்லை’ என்ற புகாரில் ஆலோசகரின் தவறு ஏதும் இல்லை. 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு விதிகளின்படி, முதல் முறை பேசும் மருத்துவர் குரல் அழைப்பில் மட்டும் மனநல மருந்துகளை எழுத முடியாது. முகம் தெரியும் காணொளி வேண்டும், அதுவும் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே. ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளி அதே நோய்க்குத் தொடர்ந்து கேட்டால் விதி சற்றுத் தளரும். இந்தக் கட்டுப்பாடு சரியானதுதான். குரலை மட்டும் கேட்டு, கை நடுக்கத்தையோ முக இறுக்கத்தையோ பார்க்காமல் மருந்து எழுதுவது ஆபத்து.

எழுதித் தராவிட்டாலும், மருந்து விஷயத்தில் இந்த எண் பயன்படும் இடம் வேறொன்று இருக்கிறது. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டல், வயிற்றுக் கலக்கம், தூக்கக் குழப்பம் ஆகியவை முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலனுக்கு முன் தொல்லை வருவதால் பலரும் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் 14416க்கு ஓர் அழைப்பு போட்டால், பொறுத்துக்கொள்ளக்கூடிய தொல்லையா, மருத்துவரை உடனே பார்க்க வேண்டியதா என்று பிரித்துச் சொல்வார்கள். ஆனால் இருமுனை மனநோய்க்குத் தரப்படும் லித்தியம் சாப்பிடுபவருக்கு வாந்தி, பேதி, கடும் நடுக்கம், நடை தள்ளாட்டம் வந்தால் போனில் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அன்றைக்கே மருத்துவமனையில் ரத்தத்தில் லித்தியம் அளவு பார்க்க வேண்டும். ஐபுபுரோஃபன், டைக்குளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் லித்தியம் அளவை ஏற்றிவிடும் என்பதை மருந்துக்கடையில் யாரும் சொல்வதில்லை. மனச்சிதைவு நோய்க்குத் தரப்படும் குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அதே நாளில் வெள்ளணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

இன்னும் சில நிலைமைகளில் 14416ஐ விட்டுவிட்டு 108ஐ அழைப்பதே சரி. தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தி இரண்டு மூன்று நாளில் உடல் நடுங்கி, வியர்த்து, இல்லாததைப் பார்த்துப் பேசினால் அது உயிருக்கு ஆபத்தான நிலை, வலிப்பும் வரலாம். நேற்றுவரை நன்றாக இருந்த முதியவர் இன்று நாள், இடம் தெரியாமல் உளறினால் பெரும்பாலும் உடலில்தான் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, சர்க்கரை இறக்கம். பிரசவமான சில நாட்களில் தாய் தூங்காமல், சந்தேகத்தோடு, குழந்தையைப் பற்றி விபரீதமாகப் பேசினால் அவரையும் குழந்தையையும் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் தன்னை மாய்த்துக்கொள்ளும் செயலில் இறங்கிவிட்டாலும் அப்படித்தான்.

மருத்துவர் அல்லாதவர் பேசி என்ன ஆகப்போகிறது என்று இளக்காரமாக நினைப்பவர்களுக்கு இந்திய ஆய்வே பதில் சொல்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்து, 2017இல் லான்செட்டில் வெளியான ஆய்வில், மருத்துவப் பின்னணியே இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மனச்சோர்வு தீவிரமாக இருந்தவர்களோடு அவர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேசினார்கள். மூன்று மாதத்தில் அப்படிப் பேசப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. ஆகவே ஆலோசகர் என்ற ஏற்பாடு பலவீனமானது அல்ல. ஆனால் அந்த வெற்றிக்குக் காரணம் அதே ஆள், அதே நோயாளி, வாராவாரம் தொடர்ந்த பேச்சு, நடுவில் வீட்டில் செய்துவர வேண்டிய சிறு வேலைகள், மேலே கண்காணிப்பு. ஒரு தடவை பேசி வைத்துவிடும் அழைப்பில் இவற்றில் எதுவும் இல்லை. அடுத்த முறை அழைத்தால் வேறொருவர் எடுக்கலாம், கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கலாம். 14416இன் மிகப் பெரிய குறை இதுதான் என்பது எங்கள் கருத்து.

இந்தக் குறையைத் தீர்த்துக் காட்டிய முன்மாதிரி தமிழ்நாட்டிலேயே உண்டு. சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆய்வு அறக்கட்டளையான ஸ்கார்ஃப் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை மனநல மருத்துவமனை ஆக்கியது. நோயாளி கிராமத்தில் பேருந்துக்குள் உட்கார்ந்து சென்னையில் உள்ள மருத்துவரிடம் காணொளியில் பேசுவார்; மாத்திரையை அதே பேருந்தில் வாங்கிக்கொண்டு இறங்குவார். பேச்சுக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட் செலவுகூட இல்லை. 14416இல் அந்த இடைவெளி மாவட்டத் தலைமை மருத்துவமனை எவ்வளவு தூரமோ அவ்வளவு. மனச்சிதைவு உள்ள மகனை, வர மறுப்பவனை, கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டிய தாய்க்கு அது பெரிய தூரம்.

2024 அக்டோபரில் டெலி மானஸ் செயலியும், கர்நாடகம், ஜம்மு காஷ்மீர், தமிழ்நாடு ஆகியவற்றில் முதற்கட்டமாகக் காணொளி ஆலோசனையும் தொடங்கின. அதற்குள் 14 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகள் வந்திருந்தன. இந்த எண்ணிக்கை பெருமைக்குரியதுதான். ஆனால் அழைத்தவர்களில் எத்தனை பேர் மருத்துவரைச் சென்று சேர்ந்தார்கள், மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் சிகிச்சையில் இருக்கிறார்கள் என்பதையே இந்தச் சேவையின் முதல் அளவுகோலாக அரசு வைக்க வேண்டும். அழைப்பு எண்ணிக்கை விளம்பரத்தின் வீச்சைத்தான் சொல்லும்.

காணொளி வசதி கேட்டால்தான் கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஆலோசகரே முன்வந்து சொல்லாவிட்டால் ‘மனநல மருத்துவரிடம் காணொளியில் பேச முடியுமா’ என்று தெளிவாகக் கேளுங்கள். நோயாளியின் பழைய சீட்டுகள், ரத்தப் பரிசோதனைத் தாள்கள், அடையாள அட்டை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காருங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இந்த வழியில் கிடைக்காது. அதற்கு நேரில் போய் மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும்; பெரும்பாலான சலுகைகளுக்கு அதில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ வர வேண்டும்.

துயரத்தோடு தனியே இருப்பவருக்கு, முக்கியமாகத் தற்கொலை எண்ணம் உள்ளவருக்கு, 14416 கிடைக்க நேரமானால் இன்னோர் எண்ணும் கைவசம் இருக்கட்டும்: 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050. அங்கே மருந்து பற்றிப் பேச முடியாது; பொறுமையாகக் கேட்பார்கள்.

அழைப்பை முடிக்கும் முன் ஆலோசகரிடம் நான்கு விவரங்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்த மருத்துவமனை, அங்கே மனநலப் பிரிவு எந்தக் கிழமைகளில், எந்த நேரத்தில் நடக்கிறது, திரும்ப அழைப்பார்களா, எப்போது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் சில நாட்கள் வட்ட மருத்துவமனைகளுக்குப் போய்விடுவார் என்பதால் கிழமை மிக முக்கியம். உங்கள் ஊருக்கு அருகிலேயே அவர் வரும் நாள் ஒன்று இருக்கலாம். சொன்ன நாளில் திரும்ப அழைப்பு வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைப் பார்க்கப் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. காலையில் புறநோயாளிப் பதிவில் ‘மனநலம்’ என்று சொல்லி ஓ.பி. சீட்டு வாங்கினால் போதும். மாத்திரை அங்கேயே இலவசமாகத் தருவார்கள். நோயாளி வர மறுத்தால் முதல் முறை குடும்பத்தார் மட்டும் போய் விவரம் சொல்லி, எப்படி அழைத்து வருவது என்று மருத்துவரிடமோ மனநலச் சமூகப் பணியாளரிடமோ கேட்கலாம்.