ஸ்கோபஸ் கேரண்டி என்று ரூ. 32,000 பிடுங்கினார்கள்: சேலத்தில் பி.எச்டி. செய்பவர்கள் தயவுசெய்து படியுங்கள்

ஸ்கோபஸில் (ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும், எல்செவியர் பதிப்பகத்தின் தரவுத்தளம்) கட்டுரையை வரவைக்கிறோம் என்ற ஒரு கடையிடம் ரூ. 32,000 போனது. அதைவிடப் பெரிய அடி, ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் மாதக்கணக்கில் மாதிரி எடுத்து, பி.ஓ.டி., சி.ஓ.டி. (தண்ணீரின் மாசைக் காட்டும் ஆக்சிஜன் தேவை அளவுகள்), சயனைடு எல்லாம் அளந்து எழுதிய கட்டுரை ஒரு போலி இதழின் தளத்தில் சிக்கிக்கொண்டதுதான். அங்கிருந்து எடுக்கவும் வழியில்லை, அப்படியே வேறு இதழுக்கு அனுப்பவும் வழியில்லை.

புகார் போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாடியில், தீசிஸ் டைப்பிங், பைண்டிங், பிளேஜியரிசம் செக்கிங், ‘ஸ்கோபஸ் பப்ளிகேஷன்’ எல்லாவற்றையும் ஒரே ஃபிளெக்ஸில் போட்டு வைத்திருக்கும் வகைக் கடை.

எப்படி நம்ப வைத்தார்கள் என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் முதலில் காட்டியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பி, ஸ்கோபஸின் சொந்தப் பக்கத்தையே திறந்தார் அந்த ஆள். இதழின் பெயர், ஐ.எஸ்.எஸ்.என். எண் (இதழின் அடையாள எண்), வெளியிடுவது ஐரோப்பாவில் ஓர் அறிவியல் சங்கம், தரம் க்யூ-3 (நான்கு அடுக்குகளில் மூன்றாவது), கவரேஜ் இன்றுவரை. எல்லாம் சரி. “கேர் லிஸ்டையே யு.ஜி.சி. தூக்கிட்டாங்க மேடம், இனி ஸ்கோபஸ் ஒண்ணுதானுங்க. எடிட்டர் நமக்குப் பழக்கம், கேரண்டி நான் தர்றேனுங்க” என்றார்.

கேர் பட்டியலை, அதாவது தான் ஏற்ற இதழ்களின் பட்டியலை, யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டது உண்மை. தீசிஸ் கொடுப்பதற்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிமுறையிலேயே யு.ஜி.சி. எடுத்துவிட்டதும் உண்மை. இரண்டாவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. பல பல்கலைக்கழகங்கள் அந்தக் கட்டாயத்தைத் தங்கள் சொந்த விதியில் இன்னும் வைத்திருக்கின்றன. அந்தப் பயம்தான் இவர்களுக்கு முதலீடு.

பிறகு, கட்டுரை அனுப்ப வேண்டிய தளத்தின் லிங்க் வாட்ஸ்அப்பில் வந்தது. பொய் தொடங்கியது அந்த லிங்க்கில். ஸ்கோபஸில் பார்த்தது அசல் இதழ். லிங்க் போய் நின்றது, அதே பெயரில், அதே எண்ணில், அதே அட்டைப்படத்தோடு வேறு யாரோ கட்டிய தளத்தில்.

இதற்குக் களவாடப்பட்ட இதழ் என்று பெயர். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சேற்றும் கொள்ளை இதழ் வேறு, இது வேறு. கொள்ளை இதழுக்குச் சொந்தமாக ஒரு பெயராவது உண்டு. இது அசல் இதழின் வேடத்தைப் போட்டுக்கொண்டு வருவது. பெரும்பாலும் காகிதத்தில் மட்டும் வரும் இதழ்கள், சரியான இணையதளம் இல்லாத சிறு சங்கங்களின் இதழ்கள், இணைய முகவரியைப் புதுப்பிக்க மறந்தவை, இவற்றைத்தான் குறிவைக்கிறார்கள். அதனால் பெயரைச் சரிபார்த்தாலும் எண்ணைச் சரிபார்த்தாலும் நமக்கு ‘சரி’ என்றுதான் பதில் வரும். ஸ்கோபஸே ஏமாந்திருக்கிறது. அன்னா அபால்கினா என்ற ஆய்வாளர், இப்படிக் களவாடப்பட்ட 67 இதழ்கள் ஸ்கோபஸுக்குள் புகுந்திருந்ததைக் கண்டுபிடித்தார். 2023 டிசம்பரில் ஸ்கோபஸ், இதழ்களின் தள இணைப்புகளையே தன் பக்கங்களிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, இதழ் உண்மை என்று ஸ்கோபஸில் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் அதன் முகவரி அங்கே கிடைக்காது. அந்த இடைவெளியில்தான் புரோக்கர் தன் லிங்க்கைச் செருகுகிறான்.

ரூ. 12,000 அட்வான்ஸ், அக்செப்டன்ஸ் வந்ததும் ரூ. 20,000. மொத்தம் ரூ. 32,000, ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. “நோட்ல டைப்பிங் சார்ஜ்னு போட்டுடுங்க மேடம், ஆடிட்டிங்குக்கு ஈசிங்க” என்றார்கள். இதை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறது.

வாரம் திரும்புவதற்குள் அக்செப்டன்ஸ் லெட்டர் வந்தது. கூடவே ரிவ்யூவர் கருத்து என்று ஒரு பக்கம். அதில் ஒரு வரி: நோயாளிகளின் எண்ணிக்கையை அதிகரித்தால் முடிவுகள் வலுப்பெறுமாம். ஜவ்வரிசி ஆலை வாய்க்கால் தண்ணீரில் எந்த நோயாளி? ஏதோ மருத்துவக் கட்டுரைக்கு எழுதியதை அப்படியே ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். கேட்டதற்கு, “அது ஃபார்மாலிட்டிங்க மேடம், அதெல்லாம் பார்க்காதீங்க, அக்செப்ட் ஆயிடுச்சுல்ல.”

வெளியான பி.டி.எஃப். வந்தபோதுதான் வயிறு எரிந்தது. ஆசிரியர் வரிசையில் எங்களுக்கு யாரென்றே தெரியாத இரண்டு பெயர்கள், வேறு மாநிலக் கல்லூரி முகவரியோடு. எங்கள் மாதிரி, எங்கள் அட்டவணை, நடுவில் இரண்டு அந்நியர்கள். “சப்போர்ட் ஆத்தர்ங்க, சைட்டேஷன் ஏறும்” என்று பதில். அந்த இரண்டு இடத்தையும் தனியாக விற்றிருக்கிறார்கள், வேறென்ன? நேர்மையான இதழில் அனுப்பிய பிறகு ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் எல்லா ஆசிரியர்களும் எழுத்தில் சம்மதம் தர வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். 2023-ல் ஹிந்தாவி என்ற பதிப்பகத்தின் இதழ்களில் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. காசுக்குக் கட்டுரை தயாரித்து விற்கும் கட்டுரை ஆலைகளும் போலி மதிப்புரைகளும்தான் காரணம். அப்படி ஒரு பட்டியலில் அந்தப் பெயர்களோடு நம் பெயரும் ஏறினால் யாரிடம் போய் விளக்குவது?

ஸ்கோபஸில் கட்டுரை வரவே இல்லை. “ப்ராசஸ்ல இருக்குங்க.” பிறகு “சர்வர் அப்டேட்டுங்க.” பிறகு “இண்டெக்ஸிங் நம்ம கையில இல்லீங்க, அது எல்செவியர் வேலை.” கேரண்டி என்று பணம் வாங்கிய அதே வாய். பி.டி.எஃப்.-இல் இருந்த டி.ஓ.ஐ. எண்ணை (கட்டுரைக்கான நிரந்தர இணைய அடையாள எண்) போட்டுப் பார்த்தால் அப்படி ஒரு எண்ணே இல்லை என்று வருகிறது. அசல் இதழின் எடிட்டருக்கு மெயில் எழுதினோம். இந்தத் தலைப்பில் எந்தக் கட்டுரையும் தங்களிடம் வரவில்லை, அந்தத் தளம் தங்களுடையது இல்லை என்று தெளிவாகப் பதில் போட்டார். அதைக் காட்டி ரூ. 32,000-ஐத் திருப்பிக் கேட்டதற்கு வந்த பதிலை அப்படியே எழுதுகிறேன்: “நீங்களே டைப்பிங் சார்ஜ்னுதானே போட்டிருக்கீங்க மேடம், டைப் பண்ணிக் கொடுத்தோமேங்க.” அதற்கு மேல் போன் எடுப்பதில்லை.

சரி, கட்டுரையையாவது தளத்திலிருந்து நீக்கு என்றால் வித்ட்ராயல் ஃபீஸ் ரூ. 8,000 கேட்கிறார்கள். யாரும் கட்டாதீர்கள். கட்டினாலும் நீக்குவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, இன்னும் கறக்கலாம் என்றுதான் தெரிந்துகொள்வார்கள். அது அங்கே கிடக்கும் வரை எந்த நல்ல இதழுக்கு அனுப்பினாலும் சிமிலாரிட்டி ரிப்போர்ட்டில் நம் வரியே நமக்கு எதிராக வந்து நிற்கும். செய்ய வேண்டியது: திரும்பப் பெறுகிறோம் என்று தேதியோடு மெயில் அனுப்பி நகலை வையுங்கள். கைடுக்கும் டாக்டோரல் கமிட்டிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வேறு இதழுக்கு அனுப்பும்போது கவர் லெட்டரிலேயே நடந்ததைச் சொல்லி, அசல் இதழ் எடிட்டரின் பதிலையும் இணையுங்கள். மறைத்து அனுப்பினால் இரட்டைப் பிரசுரம் என்ற பழி நம் தலையில் விழும்.

முழு வழிகாட்டியாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கில் கட்டுரை அனுப்பாதீர்கள். ஸ்கோபஸில் அந்த இதழின் போன வருடக் கட்டுரை ஒன்றைத் தேடி, அதன் டி.ஓ.ஐ.-யைப் போட்டுத் திறந்து, எந்தத் தளத்துக்குப் போகிறது என்று பாருங்கள். புரோக்கர் தந்த முகவரியும் அதுவும் ஒன்றாக இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். ரிட்ராக்‌ஷன் வாட்ச் (திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளைக் கண்காணிக்கும் தளம்) 2022 முதல் களவாடப்பட்ட இதழ்களின் பட்டியலை இலவசமாக வைத்திருக்கிறது, அதில் தேடுங்கள். தள முகவரி எப்போது பதிவானது என்று ஹூ-இஸ் தேடலில் பாருங்கள். நாற்பது வருட இதழுக்குப் போன வருடத்து முகவரி என்றால் சந்தேகமே வேண்டாம். ஐ.எஸ்.எஸ்.என். இருக்கிறது என்பதைத் தரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், இந்தியாவில் அது இலவசமாகவே தரப்படுகிறது.

கட்டணம் கேட்கும் நல்ல இதழும் உண்டு. அது அக்செப்ட் ஆன பிறகு, பதிப்பகத்தின் பெயரில் இன்வாய்ஸோடுதான் கேட்கும், தனிநபர் ஜிபே எண்ணுக்குக் கேட்காது. நோட்டில் இதை எழுது, அதை எழுது என்றால் பணமே போடாதீர்கள்.

பணம் போட்டுவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணம் அந்தக் கணக்கில் நிற்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. வாட்ஸ்அப் சாட்டை அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள், போலித் தளத்தில் உங்கள் கட்டுரை இருக்கும் பக்கத்தையும் முகவரி தெரிய ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். இதே மாதிரிக் கடையில் பணம் கொடுத்த சேலம், நாமக்கல்காரர்கள் யாராவது இருந்தால் தனியாகத் தகவல் அனுப்புங்கள், புகாரில் சேர்த்துக்கொள்ளலாம்.