கையில் பட்டால் துப்பாக்கி போச்சு: பழைய ரெட் ஆர்கெஸ்ட்ராவோடு என் சண்டை

ரெட் ஆர்கெஸ்ட்ரா: ஆஸ்ட்ஃபிரன்ட் 41-45 என்ற கணினிப் போர் விளையாட்டு தள்ளுபடியில் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அன்ரியல் டோர்னமென்ட் விளையாட்டை மாற்றியமைத்த ஒரு 'மாட்' (mod) ஆகத் தொடங்கி 2006-இல் தனியாக வெளிவந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்களும் சோவியத் படையும் மோதும் கிழக்கு முனை. திரை நடுவே குறி காட்டும் கிராஸ்ஹேர் கிடையாது, மிச்சம் எத்தனை தோட்டா என்று திரை சொல்லாது. இதெல்லாம் அவருக்கே தெரியும். ஆகவே நேராக என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன்: இதில் கையில் குண்டு பட்டால் துப்பாக்கி கீழே விழும்.

ஒவ்வொரு முறையும் விழாது. சில நேரம் விழும், சில நேரம் விழாது, அதுதான் இன்னும் கடுப்பு. ஸ்டாலின்கிராட் மேப்பில் இடிந்த சுவர் ஓரமாக பிபிஎஸ்ஹெச் என்ற சோவியத் சப்மெஷின் கன்னை வைத்துக்கொண்டு நிற்பேன். 71 தோட்டா கொள்ளும் டிரம், இன்னும் ஒன்றுகூடச் செலவாகவில்லை. எங்கிருந்தோ ஒரு ஜெர்மன் ரைஃபிள், கார்98கே சத்தம். உயிர் இருக்கும், கை காலியாக இருக்கும். இருட்டில் செங்கல் குவியலுக்கு நடுவே தேட வேண்டும். தேடிக்கொண்டிருக்கும்போதே, சாதாரண மோசின் நாகன்ட் ரைஃபிளோடு ஏங்கிக்கொண்டிருந்த நம்ம அணிக்காரர் ஒருவர் என் பிபிஎஸ்ஹெச்சை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார். எதிரியைக்கூட மன்னித்துவிடலாம்.

சரி, நியாயமாகவும் பேச வேண்டும். விரல்களை அழுத்தி மடக்கும் பெரிய தசைகள் உள்ளங்கையில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து தசைநாண்கள் வழியாக விரலை இழுக்கின்றன. நாண் அறுந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட வீரனுக்கும் விரல் மடங்காது. ரேடியல் நரம்பில் அடிபட்டால் மணிக்கட்டு தொங்கிப்போய், பிடியும் தளர்ந்துவிடும். அந்தக் கையில் 4 கிலோ மோசின் நாகன்ட் எப்படி நிற்கும்? இதை இவ்வளவு நேராகக் காட்டிய போர் விளையாட்டுகள் குறைவு. கால் ஆஃப் டியூட்டியில் திரை சிவக்கும், சுவருக்குப் பின்னால் கொஞ்சம் மூச்சு வாங்கினால் எல்லாம் ஆறிவிடும். அதன் நான்காம் பாகத்தில் 'லாஸ்ட் ஸ்டாண்ட்' என்ற சிறப்புத் திறனை எடுத்தவர் செத்து விழ வேண்டிய இடத்தில் பிஸ்டலை உருவிச் சுடுவார். 2001-இல் வந்த ஆபரேஷன் ஃபிளாஷ்பாயின்ட் மட்டும் கொஞ்சம் நாணயமானது. கையில் பட்டால் குறி ஆடும், காலில் பட்டால் எழுந்து நிற்க முடியாது.

ஆக, விழுவதில் எனக்குப் புகார் இல்லை. விழுந்ததை எடுத்த பிறகு நடப்பதுதான் பொறுக்கவில்லை. பொத்தானை அழுத்தி எடுத்த அடுத்த நொடியே அந்தக் கை புதுக்கை. அடுத்த தோட்டாவை ஏற்ற ரைஃபிளின் போல்ட்டை இழுப்பதும் தள்ளுவதும் அதே வேகம். ரத்தம் கொட்டும் கை நடுங்கக்கூட வேண்டாமா? நிஜமான கிழக்கு முனையில் கையில் குண்டு பட்டவன் சண்டையை விட்டுப் பின்னால் போவான். போன இடத்திலும் நிம்மதி இல்லை. தன்னைத்தானே சுட்டுக்கொண்டு தப்பிக்கப் பார்க்கிறானோ என்ற சந்தேகம் இரண்டு படைகளிலுமே இருந்தது. காயத்தைச் சுற்றி வெடிமருந்துக் கருகல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், உறுதியானால் மரண தண்டனைவரை போகும். அவ்வளவு கனமான காயத்தை இந்த விளையாட்டு ஒரு தடுமாற்றமாகச் சுருக்கிவிட்டது. அப்புறம் துப்பாக்கியை மாட்டிக்கொள்ளும் தோல்வார் என்று ஒன்று இருக்கிறதே! கழுத்தில் மாட்டியிருந்தால் கை விட்டாலும் துப்பாக்கி மார்பில் தொங்கும். அதற்கும் வழி இல்லை.

ஒரு முறை எதிரணிக்காரர் ஒருவர் துப்பாக்கியைத் தவறவிட்டு என் முன்னால் வெறுங்கையோடு நின்றார். சுட மனம் வரவில்லை. வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு இப்படித் தயக்கம் வந்ததில்லை. அவர் குனிந்து எடுத்து என்னைச் சுட்டுவிட்டார், அது வேறு கதை. ஆனால் அந்தத் தயக்கத்துக்காகவே இதைத் தூக்கிப் பிடித்துப் பேச வேண்டும்.

பேசிவிட்டேன். இருந்தாலும் வாங்காதீர்கள். பழைய சர்வர்களில் ஆள் இல்லை. 2011-இல் இரண்டாம் பாகம் வந்ததும் பலர் அங்கே போய்விட்டார்கள். அதில் ரத்தம் வழிந்தால் கட்டுப்போட வேண்டும் என்ற அளவுக்காவது காயத்துக்கு மரியாதை உண்டு. பழையது கையில் இருந்தால் மேற்கு முனையைக் காட்டும் டார்க்கஸ்ட் ஹவர் மாட் இலவசம், அது ஒன்றுதான் லாபம். அதையும் சொன்னால் வாங்கிவிடுவீர்கள் என்று தெரியும்.

அப்படி வாங்கினால் மெஷின் கன், பிபிஎஸ்ஹெச் பக்கம் போகாமல் சாதாரண ரைஃபிள் ரோலையே எடுங்கள். கீழே விழுந்தாலும் அந்த மோசின் நாகன்ட்டை ஒருத்தரும் தொட மாட்டார்கள்.