மலிவு விலைக் குளிர் ஜாக்கெட்: திருகோணமலையில் எதைப் பார்த்து எடுப்பது?

திருமலைக் கடைகளில் தொங்கும் பஞ்சடைத்த ஜாக்கெட்டுகளில் பொலியெஸ்டர் நிரப்பியதையே எடுங்கள். வாத்திறகு பாரம் குறைவு, சூடு கூட. ஆனால் நனைந்தால் கட்டிபட்டு உதவாமல் போகும். இந்த ஜாக்கெட் தேவைப்படும் மலைநாட்டு ஹோட்டன் சமவெளி 2,100 மீற்றர் உயரம். மூடுபனியும் தூறலும் அங்கே வழமை, தை மாசியில் விடியப்புறம் உறைபனியும் விழும். ஈரத்திலும் ஓரளவு சூடு தருவது பொலியெஸ்டர்தான்.

பஞ்சு சதுர மீற்றருக்கு 60 முதல் 100 கிராம் போதும். முழுப் பாரம் 500 கிராமுக்குள் நிற்கட்டும்.

லேபிளை மட்டும் நம்பவேண்டாம். உள்ளே டோர்ச் அடித்துப் பாருங்கள். தோள்பட்டையிலோ தையலோரத்திலோ வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் பஞ்சு விலகிவிட்டது. குளிர் அந்த இடத்தால்தான் ஏறும். சிப்புக்குப் பின்னால் துணிப்பட்டி இல்லாததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பலர் பிழைவிடுவது அளவில். ஸ்வெட்டருக்கு மேலே போட்டு இரண்டு கையையும் தூக்குங்கள். இடுப்பு வெளியே தெரிந்தால் அடுத்த அளவு எடுங்கள். இறுக்கமான ஜாக்கெட் பஞ்சை நசுக்கும். சூட்டைப் பிடித்துவைப்பது பஞ்சுக்குள் நிற்கும் காற்றுத்தான்.

மலை ஏறும்போது கழற்றிவிடுங்கள், வியர்வை உள்ளிருந்தே நனைக்கும். நின்றதும் போடுங்கள்.

வீட்டில் சுருட்டி வைக்காதீர்கள். பஞ்சு தட்டையாகும், நம்மூர்க் கடற்காற்றின் ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். கழுவும்போது துணி மென்மையாக்கி வேண்டாம். நிழலில் உலர்த்தி, காற்றோட்டமான இடத்தில் கொழுவுங்கள்.