எடையைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா? ஏடிஹெச்டி மருந்தின் டோஸைக் கண்டுபிடிக்கும் வழிகள்

எங்கள் மகனுக்கு 8 வயதில் ஏடிஹெச்டி (கவனம் நிற்காமை, அதீதத் துறுதுறுப்பு) மருந்து தொடங்கினோம். நான் டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "இவன் 26 கிலோ இருக்கிறான், அதற்கு எத்தனை மில்லிகிராம்?" என்பதுதான். காய்ச்சல் மருந்தில் அப்படித்தானே பழகியிருக்கிறோம். கிலோவுக்கு இவ்வளவு என்று பெருக்கினால் விடை வந்துவிடும். இந்த மருந்துக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது என்று அவர் சொன்னதும் எனக்குப் பயம்தான் வந்தது. கணக்கே இல்லாமல் எப்படி மருந்து கொடுப்பது? அவர் சொன்னது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

டோஸைக் கண்டுபிடிக்கும் வழிகளை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். எந்த வழியானாலும் அது டாக்டரோடு சேர்ந்து போகிற வழிதான். வீட்டில் நாமாக ஏற்றுவதும் இறக்குவதும் இதில் சேராது.

எடைக் கணக்கா, படிப்படியாக ஏற்றுவதா?

ஏடிஹெச்டிக்காகக் குழந்தைகளுக்கு அதிகம் எழுதப்படும் மருந்துகளில் ஒன்று மெதில்ஃபெனிடேட். 1944இல் உருவாக்கப்பட்டு, ரிட்டாலின் என்ற பெயரில் பரவலானது. ஒரே எடையுள்ள இரண்டு பிள்ளைகளில் ஒருவனுக்கு நாளுக்கு 10 மில்லிகிராம் போதும், இன்னொருவனுக்கு 40 தேவைப்படலாம். உடல் மருந்தை எவ்வளவு சீக்கிரம் கரைத்து வெளியேற்றுகிறது, மூளை அதற்கு எப்படி ஈடுகொடுக்கிறது என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். எடை அதைச் சொல்லாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2019 வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பக்க விளைவு தாங்கக்கூடிய அளவில் இருக்கும்வரை ஏற்றி, அதிகப் பலன் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

நடைமுறையில், சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் இறங்கும் சாதாரண மாத்திரையில் 5 மில்லிகிராம், நாளுக்கு ஒன்றோ இரண்டோ தடவை என்று ஆரம்பிப்பார்கள். வாரத்துக்கு 5 முதல் 10 மில்லிகிராம் ஏற்றுவார்கள். நாளுக்கு 60 என்பது பொதுவான உச்ச வரம்பு. ஒரு தடவை போட்டது 3, 4 மணி நேரத்தில் இறங்கிவிடுவதால் ஒரு வாரத்திலேயே அந்தப் படி எப்படி என்று தெரிந்துவிடும். தப்பான படியாக இருந்தாலும் அது மறுநாள்வரை ஒட்டிக்கொண்டிருக்காது. எனக்கு இருந்த பயத்தைப் போக்கியது இந்த ஒரு விஷயம்தான்.

ஏடிஹெச்டி சிகிச்சை முறைகளை ஒப்பிட்டுப் பார்த்த, எம்டிஏ என்று அழைக்கப்படும் ஆய்வு 1999இல் வெளியானது. அமெரிக்காவில் 7 முதல் 9 வயதுவரையிலான 579 குழந்தைகளை 14 மாதம் பின்தொடர்ந்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆய்வுக் குழுவே மருந்து கொடுத்தது. இன்னொரு பிரிவு வழக்கமான டாக்டர்களிடம் போனது. அவர்களிலும் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஏடிஹெச்டி மருந்து எடுத்தார்கள். ஆனாலும் ஆய்வுக் குழுவின் கையில் இருந்த பிள்ளைகள்தான் தெளிவாக முன்னேறினார்கள். காரணம் மருந்தைக் கையாண்ட விதம். ஆய்வுக் குழு முதல் 28 நாள், நாளுக்கு நாள் டோஸை மாற்றி, நடுவே மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் கொடுத்து, இன்று எது என்று பெற்றோருக்கோ டீச்சருக்கோ தெரியாமல் மதிப்பெண் வாங்கி முடிவுசெய்தது. நாளுக்கு மூன்று வேளை கொடுத்தது. மாதா மாதம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியது. வெளியே மருந்து வாங்கியவர்களுக்கோ பெரும்பாலும் இரண்டு வேளைதான், டோஸும் குறைவு.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அவ்வளவு கவனமாகக் கண்டுபிடித்த பிறகும், முதலில் முடிவான மருந்திலும் அளவிலும் கடைசிவரை அப்படியே இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. டோஸ் மாற்றினால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நினைக்கும் பெற்றோரிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

"பரவாயில்லை" என்றதும் நிறுத்துவதா, இன்னொரு படி போவதா?

இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நாங்களும் தடுமாறினோம்.

5 மில்லிகிராமில் டீச்சர், "கொஞ்சம் பரவாயில்லை" என்றார். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தோம். குறைந்த மருந்துதானே நல்லது? டாக்டர் இன்னொரு படி பார்க்கச் சொன்னார். 10இல் மகன் எழுத ஆரம்பித்த பக்கத்தை எழுதி முடித்தான். அதற்கு முன் நான் அதைப் பார்த்ததே இல்லை. சரி, இன்னும் ஏற்றினால் இன்னும் நன்றாக இருக்குமே என்று 15க்குப் போனோம். வகுப்பில் அசையாமல் உட்கார்ந்தான், டீச்சருக்கு ஒரே சந்தோஷம். ஆனால் இடைவேளையிலும் உட்கார்ந்தே இருந்தான். கேட்டால், "பேசத் தோணல" என்றான். 10க்கே திரும்பினோம்.

அந்த 15க்குப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் படியைப் பார்த்ததால்தான் 10 போதும் என்று உறுதியாகத் தெரிந்தது. முதல் முன்னேற்றத்திலேயே நின்றிருந்தால், பாதிப் பலனோடு வருடக்கணக்கில் ஓட்டியிருப்போம். ஆகவே என் ஓட்டு இன்னொரு படிக்குத்தான். ஆனால் யார் கண்ணால் பார்த்து முடிவுசெய்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 1977இல் ஸ்ப்ரேக், ஸ்லீட்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், நினைவாற்றல் சோதனையைப் பிள்ளைகள் கிலோவுக்கு 0.3 மில்லிகிராமில் நன்றாகச் செய்தார்கள். டீச்சர்கள் நடத்தைக்கு அதிக மதிப்பெண் போட்டதோ 1 மில்லிகிராமில். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதே முடிவைத் தரவில்லை. என்றாலும் அமைதியாக இருக்கும் பிள்ளை கற்றுக்கொண்டுதான் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

அதனால் ஒரு நோட்டு போட்டோம். வீட்டுப்பாடம் முடிக்க எவ்வளவு நேரம், எத்தனை தடவை நினைவூட்ட வேண்டியிருந்தது, இரவு எப்போது தூங்கினான், சாப்பிட்டானா, அப்புறம் அவனே சொன்ன ஒரு வார்த்தை. டாக்டர் கொடுத்த, ஏடிஹெச்டி அறிகுறிகளுக்கு மதிப்பெண் போடும் வாண்டர்பில்ட் படிவத்தை டீச்சரும் நாங்களும் தனித்தனியாக நிரப்பினோம்.

நோட்டில் நேரத்தையும் எழுதுங்கள். மாத்திரை போட்ட ஒன்று, இரண்டு மணி நேரத்தில் பிள்ளை முகம் இறுகி, சிடுசிடுப்பாகவோ மந்தமாகவோ இருந்தால் டோஸ் கூடியிருக்கலாம். மருந்து இறங்கும் சாயங்கால நேரத்தில் மட்டும் அழுகையும் கோபமும் வந்தால் அது டோஸ் கூடியதால் இல்லாமல், மருந்து விட்டுப்போவதால் வருவதாக இருக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு. "ரொம்ப எரிச்சல்படுகிறான்" என்று மட்டும் சொன்னால் டாக்டரால் இதைப் பிரித்துப் பார்க்க முடியாது.

குறுகிய நேர மாத்திரையா, நாள் முழுக்க நிற்பதா?

குறுகிய நேர மாத்திரையில் ஏறுவதும் இறங்குவதும் கண்ணுக்குத் தெரியும். மதிய டோஸை மட்டும் தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் பள்ளியில் யாராவது மதிய மாத்திரை கொடுக்க வேண்டும், மற்ற பிள்ளைகள் பார்ப்பார்கள்.

மெதில்ஃபெனிடேட்டின் நீண்ட நேர வடிவமான கான்செர்ட்டா போன்றது காலையில் ஒரே மாத்திரை, கிட்டத்தட்ட 12 மணி நேரம் நிற்கும். மருந்தில் 22 சதவீதம் மேல்பூச்சில் இருந்து உடனே இறங்கும், மீதி நாள் முழுக்கக் கசியும். அதைக் கடிக்கவோ உடைக்கவோ கூடாது. காலி ஓடு மலத்தில் அப்படியே வரும், பயப்பட வேண்டாம். விழுங்க முடியாத பிள்ளைக்கு இது உதவாது. திறந்து மென்மையான உணவில் தூவக்கூடிய, சுமார் 8 மணி நேரம் நிற்கும் கேப்ஸ்யூல்களும் இருக்கின்றன. எண்களைப் பார்த்துக் குழம்பாதீர்கள்: கான்செர்ட்டா 18 என்பது சாதாரண மாத்திரை 5 மில்லிகிராமை மூன்று வேளை கொடுப்பதற்குச் சமமாக வைக்கப்படுகிறது. "5இல் இருந்து 18ஆ!" என்று நான் பதறியது வீண்.

மதிய மாத்திரைக்கு வசதி இருந்தால், முதல் சில வாரம் குறுகியதில் பார்த்துவிட்டு நீண்டதுக்கு மாறுவதுதான் எனக்குப் பிடித்த வழி. வசதி இல்லையென்றால் நீண்டதிலேயே ஆரம்பிக்கலாம், பல டாக்டர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். மதியப் பசி குறைவதும் இரவுத் தூக்கம் தள்ளிப்போவதும் நீண்டதில் சற்றுக் கூடுதலாகத் தெரியலாம்.

அட்டமாக்செட்டினில் கணக்கே வேறு

அட்டமாக்செட்டின் வேறொரு ஏடிஹெச்டி மருந்து. இங்கே எடை திரும்ப வருகிறது. 70 கிலோவுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கிலோவுக்கு 0.5 மில்லிகிராமில் தொடங்கி 1.2 வரை போவார்கள். 1.4ஐயோ நாளுக்கு 100 மில்லிகிராமையோ, எது குறைவோ அதைத் தாண்ட மாட்டார்கள். முழுப் பலன் தெரிய 4 முதல் 6 வாரமாவது ஆகும். மெதில்ஃபெனிடேட்டில் பழகியவர்கள் இரண்டாம் வாரமே "வேலை செய்யவில்லை" என்று விட்டுவிடுவது இதனால்தான். அப்படி விடாதீர்கள். ஆனால் தற்கொலை எண்ணம் குறித்த எச்சரிக்கை இந்த மருந்துக்கு உண்டு. ஆரம்ப வாரங்களிலும் டோஸ் மாறும்போதும் பிள்ளையின் மனநிலை மாறினால் அன்றே டாக்டரை அழையுங்கள்.

இன்னொரு ஏடிஹெச்டி மருந்தான குவான்ஃபசின் 1 மில்லிகிராமில் தொடங்கி வாரத்துக்கு 1 ஏறும். தூக்கக் கலக்கம் வரும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறலாம்.

133 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வந்த அலசல், குழந்தைகளுக்கு முதல் தேர்வு மெதில்ஃபெனிடேட் என்றது. அது ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அட்டமாக்செட்டின் நல்ல இரண்டாவது வழி. 6 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சிதான் முதலில். மருந்து தேவைப்பட்டாலும் படிகள் இன்னும் சின்னதாக இருக்க வேண்டும்.

எங்கள் மகனை இப்போதும் எடை பார்க்கிறோம். டோஸுக்காக இல்லை, வளர்கிறானா என்று பார்க்க. சிகிச்சைக்கான வழிமுறைகளை வெளியிடும் பிரிட்டிஷ் அமைப்பான நைஸின் வழிகாட்டுதல், 10 வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும், ஒவ்வொரு டோஸ் மாற்றத்தின்போதும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்கிறது. போன தடவை எடை ஏறவில்லை. மாத்திரைக்கு முன்னாலேயே வயிறு நிறையக் காலைச் சாப்பாடு கொடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அடுத்த மாதம் மறுபடி பார்க்க வேண்டும்.