ஹாஸ்கெல்லில் ஜன்னல் திறந்து மூன்று ஆண்டுகள்

ஸ்கேன் செய்த புத்தகப் பக்கங்களை வரிசைப்படுத்த எனக்கென்று ஒரு சின்ன மென்பொருள் எழுதி வைத்திருக்கிறேன். மொழி ஹாஸ்கெல்: சார்புகளை (உள்ளீட்டை வாங்கி விடையைத் தரும் நிரல்துண்டுகளை) வைத்தே எழுதும் செயல்சார் நிரல்மொழி. திரையில் ஜன்னல், பட்டன் காட்ட ஜிடிகே 3 என்ற நூலகம், அதாவது ஆயத்த நிரல் தொகுப்பு. முதலில் எழுதியபோது பக்கப் பட்டியலை ஒரு ஐஓரெஃபில் (உள்ளிருக்கும் மதிப்பை மாற்றிக்கொண்டே இருக்கக்கூடிய பெட்டி) வைத்தேன், தேர்ந்தெடுத்த பக்கத்தை இன்னொன்றில், 'சேமிக்கவில்லை' என்ற குறியை மூன்றாவதில். 'மேலே நகர்த்து' பட்டனை அழுத்தினால் இந்த மூன்றையும் மாற்றிவிட்டு, திரையில் தெரியும் பட்டியலையும் கையால் திருத்த வேண்டும். ஒன்றை மறந்தாலும் திரை ஒரு கணக்கு காட்டும், உள்ளே வேறு கணக்கு ஓடும்.

ஜிடிகே சி மொழியில் எழுதப்பட்டது. அதை ஹாஸ்கெல்லிலிருந்து அழைப்பதற்கான இணைப்புகளை ஹாஸ்கெல்-ஜிஐ என்ற கருவி தானே உருவாக்கிக் கொடுத்துவிடுகிறது. ஏறக்குறைய எல்லா விட்ஜெட்டும் (பட்டன், பட்டியல் போன்ற திரை உறுப்பு) கைக்கு வரும், கூடவே சி-யின் பழக்கமும் வந்துவிடும்: விட்ஜெட்டை உண்டாக்கு, மாற்று, திரும்பவும் மாற்று. அந்த இணைப்புகளைத் தொகுக்க (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்ற) ஆகும் நேரமும் கொஞ்சநஞ்சமல்ல. முதல் தடவை ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம்.

மூன்று ஆண்டுக்கு முன் ஜிஐ-ஜிடிகே-டிக்ளரேடிவ் நூலகத்துக்கு மாறினேன். ஆஸ்கர் விக்ஸ்ட்ரோம், கம்போசிஷன் என்ற தன் வீடியோ எடிட்டருக்காக எழுதி, 2018-இல் தனியாகப் பிரித்து வெளியிட்டது. வழிமுறை எல்ம் மொழியிலிருந்து வந்தது. நிலை, அதாவது மென்பொருள் நினைவில் வைத்திருக்கும் எல்லாத் தகவலும், ஒரே ஒரு மதிப்பு. அதை வாங்கித் திரை எப்படி இருக்க வேண்டும் என்று திருப்பித் தர ஒரு சார்பு. நிலையையும் நிகழ்வையும் (பட்டனை அழுத்துவது போன்றது) வாங்கிப் புது நிலையைத் தர இன்னொரு சார்பு. பழைய திரை விவரத்தையும் புதியதையும் ஒப்பிட்டு, மாறிய இடத்தில் மட்டும் விட்ஜெட்டைத் திருத்துவது நூலகத்தின் பொறுப்பு. என் ஐஓரெஃப்கள் மூன்றும் அன்றே போயின.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சோதனை. நிலையை மாற்றும் சார்பு தூய சார்பு (அதே உள்ளீட்டுக்கு எப்போதும் அதே விடை தரும், வெளியே எதையும் தொடாது) என்பதால் ஜன்னலே திறக்காமல் சோதிக்கலாம். தற்செயலான உள்ளீடுகளைத் தானே உண்டாக்கிச் சோதிக்கும் குவிக்செக் கருவியிடம் ஒரே ஒரு விதி சொன்னேன்: எந்தப் பட்டனை எந்த வரிசையில் அழுத்தினாலும் பக்கங்கள் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சில விநாடிகளில் ஒரு பிழையைக் காட்டியது: முதல் பக்கத்தில் நின்று 'மேலே நகர்த்து' அழுத்தினால் அந்தப் பக்கம் இரண்டாகிவிடுகிறது! முந்தைய வடிவத்தில் பல மாதம் அது என் கண்ணில் படவே இல்லை.

சிக்கலும் வந்தது. இந்த நூலகம் பிள்ளை விட்ஜெட்டுகளை (ஒரு விட்ஜெட்டுக்குள் அடங்கியவற்றை) இடத்தை வைத்துத்தான் ஒப்பிடுகிறது, அடையாளத்தை வைத்து அல்ல. 300-ஆவது பக்கத்தை இரண்டாவது இடத்துக்குக் கொண்டுபோனால் நடுவில் உள்ள எல்லாப் பக்கமும் ஓரிடம் தள்ளிப்போகும். ஒப்பிடும்போது அத்தனையும் மாறியதாகவே தெரியும், அத்தனை படங்களும் திரும்ப ஏற்றப்படும். ஜன்னல் அப்படியே உறைந்து நின்றது. ஒரு நேரத்தில் 30 பக்கம் மட்டும் காட்டுவது என்று மாற்றியபின் சரியானது.

அப்புறம் உரைப்பெட்டி. அதற்குள் இருக்கும் எழுத்தையும் என் நிலையிலிருந்தே கொடுத்துவந்தேன். வேகமாகத் தட்டச்சு செய்தால் முந்தைய எழுத்துக்கான நிகழ்வு தாமதமாக வந்து, பெட்டியில் பழைய உரையையே எழுதிவிடும். கடைசியாக அடித்த எழுத்து காணாமல் போகும், கர்சர் வரியின் தொடக்கத்துக்குத் தாவிவிடும். இப்போது அந்த உரையைப் பெட்டியே வைத்துக்கொள்கிறது, எனக்குச் செய்தி மட்டும் வருகிறது. தனக்கென்று நிலை வைத்திருக்கும் விட்ஜெட்டை அதன் போக்கில் விட இந்த நூலகத்தில் தனி வழி உண்டு. அந்தப் பகுதியை முதலிலேயே படித்துவிடுங்கள். நான் ஓராண்டு கழித்துத்தான் படித்தேன்.

செயல்சார் நிரலாளர்களுக்கு ஒரு நூலகத்தை எளிதாக்க, சார்புகளுக்கு அழகான பெயர் வைத்தால் போதாது என்பது என் கருத்து. திரையே ஒரு மதிப்பாக என் கைக்கு வர வேண்டும். இந்த நூலகத்தில் அது வருகிறது. ஹாஸ்கெல் ஓரளவு தெரிந்தவர்கள் ஒரு வார இறுதியில் பழகிக்கொள்ளலாம்.

ஒரே கவலை, இது ஜிடிகே 3-க்காக எழுதப்பட்டது. ஜிடிகே 4 வந்தது 2020 டிசம்பரில். அதில் பின் (Bin), கன்டெய்னர் (Container) என்ற, மற்ற விட்ஜெட்டுகளை உள்ளடக்கும் அடிப்படை வகுப்புகளையே நீக்கிவிட்டார்கள், இந்த நூலகம் நிற்பதோ அவற்றின் மேல். அதனால் திரை விவரிக்கும் பகுதியை ஜிடிகே 4-க்காக நானே எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. நிலையை மாற்றும் கோப்பில் இதுவரை ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, குவிக்செக் சோதனைகளும் அப்படியே ஓடுகின்றன.