நொட்டோரியஸ் செட்டிநாடு கோழி: ஆன்கி செயலி உதவுமா?

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஆயிரம் ஆங்கிலச் சொற்களை ஒரே மூச்சில் உருப்போட்டுவிடுவார்கள். பத்து நாளில் பாதி போய்விடும். அந்த ஓட்டையை அடைக்கத்தான் ஆன்கி. ஜப்பானியத்தில் 'மனப்பாடம்' என்று பொருள், 2006-இல் வெளிவந்தது. மறக்கப்போகிற நேரம் பார்த்து அதே சொல்லைத் திரும்பக் காட்டும். ஆண்ட்ராய்டில் 'ஆன்கிட்ராய்ட்' என்ற பெயரில் இலவசம். ஐபோனில் மட்டும் ஒருமுறை காசு கட்ட வேண்டும். நெட் இல்லாவிட்டாலும் ஓடும். முகப்பு அழகாக இருக்காது. அதற்காக ஒதுக்க வேண்டாம்.

செயலியில் குறை குறைவு. கெடுப்பது, இலவசமாக இறக்கிக்கொள்ளும் பல ஆயத்த அட்டைக் கட்டுகள்தான். முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் ஒற்றைத் தமிழ்ச் சொல். 'ஃபேமஸ்', 'நொட்டோரியஸ்' இரண்டுக்கும் 'பிரபலமான' என்றே போட்டிருந்தால், நொட்டோரியஸ் செட்டிநாடு கோழி என்று எழுதிவிட்டு வர வேண்டியதுதான். நொட்டோரியஸ் கெட்ட பெயர் எடுத்ததற்கு மட்டும். 'சாங்ஷன்' இன்னும் மோசம்: லோன் சாங்ஷன் ஆனால் அனுமதி, ஒரு நாட்டின் மேல் சாங்ஷன் விழுந்தால் தடை. இதற்கு இரண்டு தனி அட்டை வேண்டும்.

ஆகவே அட்டையை நீங்களே எழுதுங்கள். புதிய குறிப்பில் 'க்ளோஸ்' (Cloze, கோடிட்ட இடத்தை நிரப்புவது) வகையைத் தேர்ந்து, முழு வாக்கியம் எழுதி, படிக்க வேண்டிய சொல்லை மட்டும் மறையுங்கள். வாக்கியம் கண்ணால் பார்த்ததாக இருக்கட்டும். காரை உதிர்ந்து, ஓடு சரிந்து, உள்முற்றமான வளவில் இன்னும் ஆள் புழங்குகிற வீடு 'டிலாப்பிடேட்டட்'. பங்காளிகள் யாரும் எட்டிப் பார்க்காமல், பூட்டே துருவேறிக் கிடக்கிற வீடு 'டெரலிக்ட்'. அகராதியில் இரண்டும் 'பாழடைந்த'தாகவே இருக்கலாம். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் தெருவில் நடந்தால் வித்தியாசம் தெரியும். உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்காதீர்கள், அழுத்தம் எந்த அசையில் என்பது அதில் தெரியாது. ஒலியைச் சேருங்கள்.

அமைப்பில் ஒன்றை உடனே மாற்றுங்கள். ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று வரும். சில வாரத்தில் மறுபார்வை மட்டும் தினம் நூற்றைம்பதைத் தாண்டிவிடும். படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் என்று நாலு நாள் போய்வந்தால் மலைபோல் நிற்கும். ஏழு எட்டு போதும். வெளியூர் போகும் முன்பே புதியதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

விடையைப் பார்த்தபின் அழுத்தும் பொத்தானிலும் பலர் தவறுகிறார்கள். மறந்துபோன சொல்லுக்கு 'அகெய்ன்' அழுத்த மனமில்லாமல் 'ஹார்ட்' அழுத்துகிறார்கள். ஹார்ட் என்றால் 'சிரமப்பட்டாலும் நினைவு வந்தது' என்று கணக்கு. மறந்த சொல் இன்னும் தள்ளிப்போகும்.

எட்டு முறை தவறிய அட்டையை 'லீச்' என்று செயலி குறிக்கும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும் வைக்கும். லீச்சும் நமக்கு அட்டைதான்! அதை அப்படியே மீட்காதீர்கள். வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டு மறுபடி உள்ளே விடுங்கள்.