ஆங்க்ர் வரைந்த இரு நீல உடைகள்

நியூயார்க் ஐந்தாம் நிழற்சாலையில், நடந்தே போகும் தொலைவில், நாத்தனாரும் தம்பி மனைவியும் இரண்டு அருங்காட்சியகங்களில் ஓவியங்களாக இருக்கிறார்கள். ஃபிரிக் அருங்காட்சியகத்தில் லூயீஸ், ஓசோன்வில் சீமாட்டி (1845). மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அவர் தம்பி மனைவி பொலின், ப்ராய் இளவரசி (1851–53). இருவரையும் வரைந்தவர் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர். இருவருக்கும் நீல உடை.

லூயீஸ் மோவாயில் விரல் வைத்து, எதையோ கேட்கப்போகிறவர்போல் நம்மைப் பார்க்கிறார். பின்னாலுள்ள கண்ணாடியில் கழுத்தும் கூந்தலின் சிவப்பு ரிப்பனும் தெரிகின்றன. வலது கையைக் கவனியுங்கள்: தோளிலிருந்து வராமல் விலாவிலிருந்து முளைத்ததுபோல் இருக்கும். உடற்கூறு பிசகினாலும் கோடு வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதே ஆங்க்ரின் பிடிவாதம். எனக்கு அந்தக் கை பிடிக்கும்.

பொலினின் சாட்டின் உடையைத் தொட்டால் சரசரக்கும் போலிருக்கிறது. பட்டின் மினுக்கத்தில் இந்தப் படமே மேல். ஆனால் முகம் நம்மிடம் பேசாது. கூச்சம் அதை மூடியிருக்கிறது. அவர் 1860-இல் காசநோயால் 35 வயதில் இறந்தார். கணவர் படத்தைத் திரையிட்டு மூடிவைத்தார். இயற்பியல் பாடத்தில் நாம் படிக்கும் விஞ்ஞானி டி ப்ராய் (de Broglie) பொலினின் பேரன்.

ஒன்றுக்குத்தான் நேரமென்றால் லூயீஸிடம் போங்கள்.